வேண்டுதல் மொட்டை

மணிவேலுக்கு இருபத்திரண்டு வயதில் முடி கொட்ட ஆரம்பித்தது. இருபத்தாறில் கொட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. காதுக்கு மேலேயும் பிடரியிலும் ஒரு வளையம் மட்டும் தங்கியது. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், கடவுளுக்கு அந்த அளவுக்குக்கூட மனசு வரவில்லை.

பெங்களூரில் ஓட்டல் வேலையில் இருந்தபோது போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்று நம்பினான். வேலையை விட்டுவிட்டு ஜவ்வாது மலைக்கே திரும்பி, எங்கள் ஊரான தும்பக்காட்டின் ஊற்றுத் தண்ணீரில் தலை குளித்தான். அதிலும் கொட்டியது. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தான். பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை, முடி மட்டும் வரவில்லை. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வேப்பெண்ணெய் எல்லாம் முடிந்த பிறகு செல்போனில் பார்த்து ஒரு மலைத் தைலம் வாங்கினான். இதே ஜவ்வாது மலையில் பறித்த மூலிகை என்று டப்பாவில் போட்டிருந்தது. மலையிலேயே குடியிருக்கிறவன் மலை மூலிகையைக் கூரியரில் வரவழைத்த கதையைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் சிரித்தோம்.

மலையின் அந்தப் பக்கம் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடம் இருக்கிறது. அதன் வெள்ளைக் குமிழ் வெயிலில் பளபளக்கும். மணிவேலுக்குக் 'காவலூரு' என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் ஒரே மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் பரவிவிட்டது. "இன்னா காவலூரு, இன்னிக்கு ஒரே மேகமா கீது, ஒண்ணும் தெரியாதா" என்பார்கள். அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போவான். ஒரு நாளாவது திருப்பித் திட்டியிருந்தால் விட்டிருப்போம். அவன் திட்டவில்லை, அதனால் நாங்களும் விடவில்லை.

அவன் அப்பா ராஜாக்கண்ணுவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தலையில் சீப்பு நுழையாது, அவ்வளவு முடி. காதோரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் நிற்கிற தங்கள் புளியமரங்களில் உச்சிக்கிளை வரை அவர்தான் ஏறுவார், வேறு யாரையும் ஏறவிட மாட்டார். மணிவேலின் வழுக்கை அம்மா மாணிக்கம்மாளின் அண்ணன் தம்பிகள் வழியாக வந்தது. அதற்கு ராஜாக்கண்ணு என்ன செய்வார். ஆனாலும் மகன் ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஒனக்கு மட்டும் எப்படி நைனா" என்று கேட்டதிலிருந்து, அவன் வீட்டில் இருக்கிற நேரத்தில் அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

மணிவேல் சின்ன லோடு வண்டி ஒன்று ஓட்டினான். மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு போய் அடிவாரத்தில் சந்தவாசல் மண்டிகளில் இறக்குவான். ஒழுங்கான பையன், மூட்டை குறைந்தது என்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. பெண் அமைவதுதான் பாடாக இருந்தது. ஓரிடத்தில் விபூதி வைக்கத் தொப்பியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்ததும் சமையற்கட்டிலிருந்து பெண்ணின் சிரிப்பு கேட்டது. அவளை யாரோ அடக்க, அடக்க முடியாமல் அது பின்கட்டுக்கு ஓடியது. கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அவன் எழுந்து வந்தான்.

அப்படிப்பட்டவனுக்குப் புளிமண்டி தங்கவேல் தானாகவே பெண் கொடுக்க முன்வந்தார். தங்கவேலின் தாத்தா காலத்தில் மலையிலிருந்து இறங்கிய குடும்பம், எங்கள் ஆட்கள்தான். மகள் பூவிழி சந்தவாசலிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மணிவேல் ஒழுங்காக மூட்டை இறக்குவதை இரண்டு வருஷமாகப் பார்த்துவந்த தங்கவேல், ஒருநாள் அவன் தோளில் கைபோட்டு, "ஒங்க வூட்டுல பேசலாமா மணி" என்று கேட்டார். அவர் பார்த்ததெல்லாம் தொப்பியும், தொப்பிக்குக் கீழே காதோரம் தெரிந்த கறுப்பு முடியும்தான். மேலேயும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

பெண் பார்க்கப் போகிற அன்று காலை மாணிக்கம்மாளை வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மலை இறங்கினான். ராஜாக்கண்ணு வரவில்லை. சாமை அறுப்பு பாதியில் நின்றது, மழை வேறு மிரட்டியது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நிச்சயத்துக்கு நான் வர்றேன்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு சாமைக் கொல்லைக்குப் போய்விட்டார். வண்டி சந்தவாசல் போகாமல் படவேட்டுக்குப் போய் அம்மன் கோயில் பக்கம் நின்றது. "இங்க எதுக்குடா" என்று கேட்ட தாயை வண்டியிலேயே விட்டுவிட்டு மணிவேல் இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது தலை முழுக்கச் சந்தனம்.

கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். வழுக்கையைப் பார்த்துச் சிரிக்கிறவன்கூட வேண்டுதல் மொட்டையைப் பார்த்தால் கும்பிடுவான். சந்தனத்துக்கு அடியில் எது மழித்தது, எது தானாகப் போனது என்று யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் இவ்வளவு யோசித்தவன், எதற்காக வேண்டுதல் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை யோசிக்கவில்லை.

வாசலிலேயே தங்கவேல் கேட்டுவிட்டார். "இன்னா மணி, மொட்டை? நைனா வரலையா?"

இரண்டு கேள்விக்கும் சேர்த்து அவன் வாயில் ஒரே பதில் வந்தது. "நைனாவுக்கு ஒடம்பு சரியில்லைங்க. நெஞ்சு வலி. படுத்த படுக்கையா கீறாரு. அவரு பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு அம்மனுக்கு முடி குடுத்துட்டு வர்றேன்."

காலையில் ஒரு முழு உருண்டைக் களியைத் தின்றுவிட்டு அரிவாள் தீட்டிய புருஷன் மாணிக்கம்மாளின் கண்முன்னால் நின்றார். வாயைத் திறந்தால் மகனுக்கு இந்தப் பெண்ணும் போய்விடும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்ட தங்கவேலின் மனைவி ராணியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாது, அம்மன் பாத்துக்குவா" என்றாள். காப்பி கொண்டுவந்த பூவிழி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. மணிவேலுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர்கள் மலை ஏறுவதற்கு முன்னாலேயே பெண்ணுக்குச் சம்மதம் என்று போன் வந்தது.

ஆனால் அதே போனில் தங்கவேல் ஒன்று சொன்னார். "மொட்டைத் தலையோட மாப்ள மணவறையில உக்காந்தா, சாவு வூட்டுலேர்ந்து எழுந்து வந்தாப்ல இருக்கும், நாலு பேரு பேசுவாங்க. ஒங்க நைனா எழுந்து நடமாடட்டும், ஒனக்கும் முடி வளரட்டும். அதுக்குள்ள தை, மாசி வந்துரும். ஜாம்ஜாம்னு பண்ணிரலாம்."

மலை ஏறும்போது மாணிக்கம்மாள் வாயைத் திறந்தாள். "கல்லு மாதிரி கீற மனுஷன இப்படிப் படுக்க வெச்சுட்டியேடா."

"கல்யாணம் முடியற வரைக்கும்தாம்மா. வேலூர்ல ஒரு டாக்டர்கிட்ட மருந்து வாங்கியிருக்கேன். ஆறு மாசம் தடவினா மொளைக்குமாம். அதுவரைக்கும் நான் மழிச்சுக்கினே இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

ராஜாக்கண்ணு விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அவருக்கு வேடிக்கையாக இருந்தது. தங்கவேல் குடும்பத்தோடு பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. மகன் எதிரில் வந்து நின்றான், தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "ஒரு நாள்தானே" என்று அவர் கட்டிலில் ஏறிப் படுத்தார். அவ்வளவு பெரிய ஆளைப் போர்வைக்குள் அடக்கவே சிரமமாக இருந்தது.

ஆப்பிள், ஆரஞ்சு, ஆர்லிக்ஸ் எல்லாம் வந்தது. தங்கவேல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தைரியமா இருங்க சம்பந்தி, ஒங்க பையன மாதிரி பையன் கெடைக்க மாட்டான்" என்றார். "பாருங்க, இந்த ஒடம்புலயும் ஒங்களுக்கு இன்னா முடி. மாப்ளைக்கும் இப்படித்தான் இருக்கும், நம்ம பேரப் பசங்களுக்கும் வரும்." ராஜாக்கண்ணு இருமினார். அந்த இருமல் ஒன்றுதான் அன்று அவர் உண்மையாகச் செய்தது. கல்யாணப் பேச்சு திரும்ப எழுந்தபோது மணிவேல் முந்திக்கொண்டான். "நைனா எழுந்து நடக்கற வரைக்கும் தலையில முடி வெக்க மாட்டேன்னு அம்மனுக்கு நேர்ந்துக்கினு இருக்கேங்க."

ராணியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கதவோரம் நின்ற பூவிழியின் கண்களும் நிறைந்துவிட்டன. அவள் மணிவேலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றோடு ராஜாக்கண்ணுவின் நடமாட்டம் முடிந்தது. அவர் எழுந்தால் மகன் முடி வளர்த்தாக வேண்டும். தங்கவேலின் ஆட்கள் புளி விலை பேச மலையெல்லாம் சுற்றுகிறவர்கள், எந்த நேரம் எந்தத் தடத்தில் வருவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் விடிவதற்கு முன்னால் ஒருமுறை வெளியே போய் வருவார். பிறகு பகல் முழுக்கக் கட்டில். அறுப்பைக் கூலியாட்கள் முடித்தார்கள். அவருக்குக் களி நின்று கஞ்சி வந்தது, யாராவது எட்டிப் பார்த்தால் பாத்திரத்தில் கஞ்சி தெரிய வேண்டுமே.

ஊருக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் எப்படி. ஆனால் மண்டிக்காரரிடம் எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது விலை பேசிப் பேசி எங்களுக்கு வந்த பழக்கம். அதோடு நாங்கள் சொல்லிவிட்டால் வேடிக்கை போய்விடும். ஆகவே நாங்களும் தங்கவேலின் ஆட்களிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கஷ்டம்தாங்க, நாளைக்கோ நாளன்னைக்கோன்னு கீறாரு" என்போம். அவர்கள் போனதும் ராஜாக்கண்ணுவின் ஜன்னலுக்கு வந்து, "இன்னா மாமா, பொழச்சுட்டியா" என்று கேட்டுவிட்டுப் போவோம். அவர் முதலில் சிரித்தார். போகப் போகப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பூவிழி தினமும் போன் செய்தாள். முதல் கேள்வி, "மாமா எப்படி கீறாரு" என்பதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி, படவேட்டுத் திருவிழாவைப் பற்றி எல்லாம் பேசுவாள். ஒருநாள் பேச்சுக்கு நடுவில், "என்கிட்ட வேற ஏதாவது சொல்லணுமா" என்றாள்.

"வேற இன்னா, ஒண்ணும் இல்லியே."

"சும்மா கேட்டேன். எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

"ஒண்ணும் இல்ல பூவிழி."

அவள் மாமாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மணிவேல் உள்ளே போய், பாட்டில் மருந்தைத் தலையில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்த்தான். விளக்குக்கு நேராகத் தலையைக் காட்டிச் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். பூனை மயிர் மாதிரி ஏதோ தெரிந்தது. முந்தின வாரத்துப் படத்திலும் அது இருந்தது.

மாசியில் புளி பழுத்தது. மணிவேல் மரங்களை வெளியாட்களுக்குப் பாதிக்குப் பாதி உலுக்கக் கொடுத்தான். கட்டிலில் படுத்தபடி ராஜாக்கண்ணு தன் கிளைகள் முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கழியால் அடிக்கக் கூடாது, கிளையில் ஏறி உலுக்க வேண்டும், அடித்தால் அடுத்த வருஷப் பூ போய்விடும் என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன் குரல் இவ்வளவு தூரம் கேட்கக் கூடாது என்று மணிவேல் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினான்.

"போதும்டா" என்றார் ராஜாக்கண்ணு. "காலு மரத்துப் போவுது. எழுந்து நின்னா கண்ணு இருட்டுது. மண்டிக்காரங்கிட்ட நானே வந்து சொல்றேன். எம் பையனுக்கு முடி இல்ல, மத்தபடி தங்கம்னு சொல்றேன். அவரு நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு."

"சொல்லு. நல்லா சொல்லு. தலை நெறைய வெச்சுக்கினு நீ சொல்லுவ. மொதல்ல பாக்கப் போன வூட்டுல அந்தப் பொண்ணு சிரிச்சாளே, ஒன்னப் பாத்தா சிரிச்சா?" மணிவேல் கட்டிலுக்கு மேல் குனிந்தான். "நீ குடுக்க வேண்டியத குடுக்கல. படுக்கவாவது படு. ஒரு அப்பனா இதுகூட ஒன்னால முடியாதா?"

மாணிக்கம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து மகனை ஓங்கி அறைய நினைத்தாள். ராஜாக்கண்ணு அதற்குள் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டுவிட்டார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை எழவில்லை.

உலுக்க வந்தவர்கள் சரிவின் கடைசி மரத்தில் உச்சிக்கிளையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஏறும் தைரியம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. இரண்டு நாள் கழித்து, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் வழக்கம்போல வெளியே போன ராஜாக்கண்ணு திரும்பி வரவில்லை. மாணிக்கம்மாள் தேடிக்கொண்டு போனாள். கடைசி மரத்தடியில், உதிர்ந்த புளிக்கு நடுவில் அவர் மல்லாந்து கிடந்தார். மாசக்கணக்கில் கட்டிலில் கிடந்த கால் பாதி மரத்தில் விட்டுவிட்டது. நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, மூக்கில் ரத்தம்.

மணிவேல் ஓடிவந்தான். வண்டி மேட்டில் நின்றது. அங்கிருந்து ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக அதிக நேரம் ஆகாது. அவன் அப்பாவை அள்ளித் தூக்கினான். அப்போது கீழே தடத்தில் பைக் சத்தம் கேட்டது, தங்கவேலின் ஆட்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள் போல. அவன் நின்றான். சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"வூட்டுக்குத் தூக்கினு போ" என்றார் ராஜாக்கண்ணு. "கட்டில்ல போடு. இங்க பாத்துடப் போறாங்க."

அப்பன் சொன்னான் என்பது உண்மை. மகன் கேட்டான் என்பதும் உண்மை. தும்பக்காட்டில் இன்றுவரை யார் மேல் தப்பு என்று பேசுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். மணிவேல் அவரை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுப் போர்வையை மூடினான். பைக் ஊரைக் கடந்து போகிற வரைக்கும் கதவுக்குப் பின்னால் நின்றான். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடியவன், மறுபடி உள்ளே வந்தான். நாலு நாளாகத் தலை மழிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். தொப்பியைத் தேடினான். கொடியில் இல்லை, அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது மேலே மூச்சு இழுக்கிற சத்தம் நின்றது. மாணிக்கம்மாள் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "எழுந்திரு. தொப்பி வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

சந்தவாசலிலிருந்து தங்கவேல் குடும்பமே வந்து இறங்கியது. நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று மணிவேல் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை. எதிர்பார்த்த சாவுதானே. அம்மன் கைவிட்டுட்டாளே என்று ராணியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். மணிவேல் தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். அந்தத் துண்டைப் பார்த்து எல்லோருக்கும் நெஞ்சு கரைந்தது.

எங்கள் வகையறாவில் கொள்ளி வைத்த மகன் கருமாதி வரைக்கும் தலையிலும் முகத்திலும் கத்தி வைக்கக் கூடாது. கருமாதியன்று விடியற்காலை ஓடைக்கரையில், உறவு முழுக்கப் பார்க்க, மொத்தமாக மழித்துத் தலை முழுக வேண்டும். அவன் இதை மறந்தே போயிருந்தான் போல. நாளாக ஆக வளையம் வளர்ந்தது. அவன் தூங்கும்போதுகூடத் துண்டை எடுக்கவில்லை. தாடி வந்தது, காதோரம் முடி துண்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. உச்சியில் மருந்து தடவிக்கொண்டிருந்த இடத்தில் அந்தப் பூனை மயிரும் இல்லை.

கருமாதியன்று ஓடைக்கரையில் கூட்டம் நின்றது. கொஞ்சம் தள்ளி, பெண்களுக்கு நடுவில் மாணிக்கம்மாளின் தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டு முடித்திருந்தார்கள். சவரத்துக்கு வந்தவர் மணிவேலைக் கல்லில் உட்காரவைத்து, "துண்ட எடுப்பா" என்றார். அவன் எடுக்கவில்லை. அவரே உருவினார்.

எங்களுக்குப் புதிதில்லை. சந்தவாசல்காரர்கள்தான் பார்த்தார்கள். பக்கவாட்டில் கறுகறுவென்று முடி, நடுவில் ஒன்றுமில்லாமல் வெயில். யாரோ பின்னால் மூக்கால் சிரித்து அடக்கினான்.

தங்கவேல் உண்மையிலேயே நல்ல மனிதர். அவருக்கு முகம் மாறியது, ஆனால் கோபத்தில் இல்லை. கிட்டே வந்து மணிவேலின் தோளைப் பிடித்தார். "அப்பன் போன துக்கத்துல இப்படிக் கொட்டிடுச்சே" என்றார். "மனசு ஒடைஞ்சா முடி கொட்டும்னு சொல்லுவாங்க. பாக்கறதுக்கே வயிறு எரியுது. வருத்தப்படாதப்பா, துக்கம் ஆறினா தானா வளந்துரும்."

மணிவேல் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். இதைவிட நல்ல காரணம் அவனுக்குக் கனவில்கூடத் தோன்றியிருக்காது. "ஆமாங்க" என்றான். "நைனா போன நாள்லேர்ந்துதாங்க."

மாணிக்கம்மாள் எழுந்து வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது, ஈரப் புடவை காலில் தட்டியது. அவள் தங்கவேலின் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வளராதுங்க. இவனுக்கு முடி போயி நாலு வருஷம் ஆவுது. அத மறைக்கத்தான் மொட்டை. மொட்டையை மறைக்க அவரப் படுக்க வெச்சான். அவருக்கு நெஞ்சு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மரத்துலேர்ந்து வுழுந்துதான் செத்தாரு. மரத்தடியிலேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்காம கட்டிலுக்குத் தூக்கினான். நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

தங்கவேலின் கை மணிவேலின் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. நாங்களும் அப்போது சிரிக்கவில்லை.

பூவிழி பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். மணிவேல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் தோன்றியது.

"கையை எடுங்க" என்றாள் அவள். "அது எனக்குத் தெரியும். மாமாவப் பாக்க வந்தோமே, அன்னிக்கே தெரியும். மழிச்ச தலையில முடி மொளைக்கற எடம் பச்சையா தெரியும். ஒங்களுக்குக் காதுக்கு மேல மட்டும்தான் பச்ச. போன்ல கேட்டேன், சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"தெரிஞ்சுமா…" என்றான் அவன்.

"முடி இல்லன்னா இன்னா. எனக்கு அது ஒண்ணும் பெருசா தெரியல." அவள் குரல் உயரவில்லை. "அப்பன் பொழைக்கணும்னு மொட்டை போட்டுக்கினு அப்படியே பொண்ணு பாக்க வந்தீங்க பாருங்க, நாலு பேரு சிரிப்பாங்களேன்னுகூட நெனைக்காம. அப்பன் மேல இவ்ளோ பாசம் வெச்சவன் கட்டிக்கறவளையும் நல்லா வெச்சுப்பான்னு நெனச்சேன். அதுக்குத்தான் சரின்னேன்."

அவள் மாணிக்கம்மாளின் தோளைப் பிடித்துக் கரையேற்றிக் கூட்டிப்போய் வேறொரு கல்லில் உட்காரவைத்தாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். தங்கவேல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். சந்தவாசல்காரர்கள் ஒவ்வொருவராகத் தடத்தில் ஏறினார்கள். போய்வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, சாவு வீட்டில் அப்படிச் சொல்வதும் இல்லை.

மணிவேல் கல்லைவிட்டு எழப் பார்த்தான். சவரத்துக்கு வந்தவர் அவன் பிடரியைப் பிடித்து அழுத்தினார். "உக்காருப்பா. காரியத்த பாதியில வுடக் கூடாது" என்று தண்ணீரைத் தொட்டுத் தடவிக் கத்தியை வைத்தார். அதிக நேரம் பிடிக்கவில்லை.